எதிலிருந்து குறைந்தது? விழுக்காட்டுக் குறைவைக் கணக்கிடப் பழகுவோருக்கு

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் காருக்கு டோல் 7 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த காலம் இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். 2020 பிப்ரவரியில் அது 5 வெள்ளி 74 காசாக இறங்கியது. குறைந்தது 1 வெள்ளி 26 காசு என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கேட்டால்தான் கைத்தொலைபேசியை எடுத்து, எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்று தயங்குகிறார்கள்.

பள்ளியை விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்குகிறவர்கள், ஊரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளிக் கணக்குக்கு இப்போதுதான் பழகுகிறவர்கள், இவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இதைப் பழகிக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் கழிவு, முதலாளி சொல்லும் பிடித்தம், மின்சாரப் பில் எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கலாம். உழைத்துச் சம்பாதித்த காசு. அதை இன்னொருவர் சொல்லும் கணக்கை நம்பிச் செலவழிக்க வேண்டியதில்லை.

கணக்கு இவ்வளவுதான்

அந்த டோலையே எடுத்துக்கொள்வோம்.

1. பழைய தொகையை முதலிலும் புதிய தொகையை அதன் கீழேயும் எழுதுங்கள். பழையது 7.00, புதியது 5.74.
2. பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள். 7.00 − 5.74 = 1.26.
3. வந்த விடையைப் பழைய தொகையால் வகுங்கள். 1.26 ÷ 7.00 = 0.18.
4. நூறால் பெருக்குங்கள். 0.18 × 100 = 18. ஆக, டோல் 18 விழுக்காடு குறைந்திருக்கிறது.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 18 விழுக்காடு போனால் மீதி 82 விழுக்காடு. 7 × 0.82 = 5.74. புதிய தொகை அப்படியே வந்துவிட்டது, கணக்கு சரி. இந்தச் சரிபார்ப்பை விடாமல் செய்யுங்கள், பத்து வினாடிகூட ஆகாது.

அதே பாலத்தில் மோட்டார்சைக்கிளுக்கு 1 வெள்ளி 40 காசு வாங்கினார்கள். 2019 ஜனவரி 1 முதல் அது அறவே எடுக்கப்பட்டது. 1.40 ÷ 1.40 = 1, அதாவது 100 விழுக்காடு குறைவு. ஒரு விலை இதற்கு மேல் குறைய முடியாது. யாராவது 120 விழுக்காடு விலை குறைத்துவிட்டோம் என்றால், அவர்கள் எதையோ தப்பாக வகுத்திருக்கிறார்கள்.

ஏன் பழைய தொகையால் வகுக்க வேண்டும்?

பிழைகளில் பெரும்பாலானவை மூன்றாவது படியில்தான் நடக்கின்றன. அவசரத்தில் 1.26-ஐ 5.74-ஆல் வகுத்தால் 21.95 விழுக்காடு என்று வரும். டோல் குறைந்ததோ 7 வெள்ளியிலிருந்து. புறப்பட்ட இடம் அதுதான், அளவும் அதுதான். 21.95 என்பது வேறொரு கேள்விக்கான விடை. நாளைக்கு 5.74 மறுபடியும் 7 வெள்ளியாக ஏறினால், அந்த ஏற்றம் 21.95 விழுக்காடு.

ஏறும்போது ஒரு விழுக்காடு, அதே தொகை இறங்கும்போது வேறு விழுக்காடு. இது பலருக்கும் விநோதமாகப் படும். தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2024 ஜூன் 10-ஆம் தேதி லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35-ஆக உயர்ந்தது. 1.20 ÷ 2.15 போட்டால் ஏற்றம் 55.8 விழுக்காடு. அது 3.35-லிருந்து பழையபடி 2.15-க்கே இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1.20 ÷ 3.35, அதாவது 35.8 விழுக்காடு இறக்கம். இரண்டு பக்கமும் அதே 1 வெள்ளி 20 காசுதான். வகுக்கும் எண் மாறியது, விடையும் மாறியது.

இது சம்பளத்தில் வரும்போது உறைக்கும். ஓவர்டைம் சேர்த்து மாதம் 2,450 வெள்ளி எடுத்தவருக்கு ஓவர்டைம் நின்றதும் 1,960 வருகிறது. 490 ÷ 2,450 = 0.20, இருபது விழுக்காடு குறைவு. அடுத்த ஆண்டு முதலாளி, "குறைந்த இருபதையும் ஏற்றித் தருகிறேன்" என்றால் 1,960-க்கு இருபது விழுக்காடு 392. மொத்தம் 2,352 மட்டும்தான். பழைய நிலைக்குப் போக 25 விழுக்காடு ஏற்றம் வேண்டும். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே யார் எந்த விழுக்காட்டைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, "எதிலிருந்து?" என்ற ஒரே கேள்வி.

கடையில்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் லிட்டல் இந்தியாவின் லெபு பாசார் பக்கம் போனால் துணிக்கடைகளில் மலிவு விற்பனைப் பலகைகள் தொங்கும். ஒரு சேலையின் விலைச்சீட்டில் 180 வெள்ளி என்று அச்சாகி, அதன் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது.

"அக்கா, இந்த அடுக்குல எல்லாமே பாதி விலை. கவுண்டர்ல இன்னொரு இருபது பெர்சன் கழிப்போம்."

"அப்ப எழுபது பெர்சன் கழிவா தம்பி? அம்பத்துநாலு வெள்ளிதானே வரணும்?"

"இல்லக்கா, எழுபத்திரண்டு வரும்."

தம்பி சொல்வதுதான் சரி. முதல் கழிவு 180-லிருந்து போகிறது, மீதி 90. இரண்டாவது கழிவு அந்த 90-லிருந்து போகிறது. 90-க்கு இருபது விழுக்காடு 18, ஆக 72. மொத்தக் குறைவு 108 ÷ 180 = 0.60, அறுபது விழுக்காடு. இரண்டு கழிவுகளைக் கூட்டக் கூடாது. மிஞ்சுவதைப் பெருக்க வேண்டும். ஐம்பது போனால் மிஞ்சுவது 0.5, இருபது போனால் மிஞ்சுவது 0.8. பெருக்கினால் 0.4. நூற்றில் நாற்பது வெள்ளி நீங்கள் கொடுக்கிறீர்கள், அறுபது கழிகிறது. எந்தக் கழிவை முதலில் போட்டாலும் விடை ஒன்றுதான், ஆகவே அதைப் பற்றிக் கடையில் வாதாட வேண்டாம்.

நின்ற இடத்தில் மனக்கணக்காகப் போட, பத்து விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 89.90 வெள்ளிச் செருப்புக்கு 30 விழுக்காடு கழிவு என்றால், அதை 90 என்று வைத்துக்கொண்டு பத்து விழுக்காடு 9, முப்பதுக்கு 27. ஏறக்குறைய 63 வெள்ளி. பதினைந்து விழுக்காடு வேண்டுமென்றால் பத்தையும் அதில் பாதியையும் கூட்டுங்கள். கவுண்டரில் வரும் தொகை உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால் சரி, ஐந்து வெள்ளி தள்ளிப் போனால் கேளுங்கள்.

பலகைகளில் 70 விழுக்காடு என்று பெரிதாகப் போட்டு, அதற்கு முன்னால் பொடி எழுத்தில் 'செஹிங்கா' என்று இருக்கும். எழுபது வரை என்று பொருள். கடையில் ஏதோ சில பொருளுக்குத்தான் எழுபது. நீங்கள் எடுத்ததற்கு எவ்வளவு என்று அந்தந்தப் பொருளின் சீட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள். கோடு போட்ட பழைய விலையும் உண்மையிலேயே விற்ற விலைதானா என்பது முக்கியம். 100 வெள்ளிப் பொருளை 125 என்று ஏற்றி, 20 விழுக்காடு கழித்தால் மறுபடி 100. கணக்கில் தப்பே இல்லை, ஆனால் உங்களுக்கு ஒரு காசும் மிச்சமில்லை. வாங்க நினைத்திருக்கும் பெரிய பொருளின் விலைச்சீட்டை விற்பனைக் காலத்துக்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்று இருப்பதாகத் தெரிந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். அந்தப் படமும் ரசீதும் அப்போது உதவும்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33.3 விழுக்காடு கழிவு. இரண்டாவது பொருள் பாதி விலை என்பது 25 விழுக்காடுதான், ஐம்பது அல்ல. ஒன்றுதான் தேவை என்றால் இரண்டுமே பூஜ்யம்.

நகைக்கடையில் இன்னும் கவனம் வேண்டும். "செய்கூலியில் 50 விழுக்காடு கழிவு" என்று அறிவிப்பார்கள். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 500 வெள்ளி என்று வைப்போம். ஒரு பவுன், எட்டு கிராம் தங்கம் 4,000 வெள்ளி. செய்கூலி 400. மொத்தம் 4,400. செய்கூலியில் பாதி போனால் நீங்கள் கொடுப்பது 4,200. குறைந்தது 200 ÷ 4,400, அதாவது 4.5 விழுக்காடு. அறிவிப்பில் இருக்கும் ஐம்பது உங்கள் பணப்பையில் நாலரைதான். பக்கத்துக் கடையில் கழிவே இல்லாமல் கிராமுக்கு 30 வெள்ளி குறைத்துக் கொடுத்தால் 240 மிச்சம், அதுவே மேல். ஆகவே நகையில் கழிவை விட்டுவிட்டு, கடைசியாகக் கட்டும் மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

விலை மாறாமல் பாக்கெட் சுருங்குவதும் உண்டு. பிஸ்கெட் பாக்கெட் 500 கிராமிலிருந்து 450 ஆனால் அளவு 10 விழுக்காடு குறைவு. ஆனால் கிலோவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 11.1 விழுக்காடு கூடியிருக்கிறது.

மின்சாரப் பில்

குளிர்சாதனத்தை இரவில் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திப் பார்த்தோம், பலன் இருந்ததா? இதைத் தெரிந்துகொள்ள தெனாகா பில்லில் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில்தான் பலரும் வழுக்கி விடுகிறார்கள். கண் நேராகப் போவது வெள்ளித் தொகைக்கு. அதை விடுங்கள். 2025 ஜூலையில் மின்கட்டண அமைப்பே மாறியது. அதற்கு முந்திய பில்லையும் பிந்திய பில்லையும் வெள்ளியில் ஒப்பிட்டால், நீங்கள் மிச்சப்படுத்தியதும் கட்டணம் மாறியதும் ஒன்றாகக் கலந்து வரும். பழைய நிலுவை சேர்ந்திருந்தால் அதுவும் கலந்துவிடும். ஒப்பிட வேண்டியது யூனிட், அதாவது கிலோவாட் மணி.

யூனிட்டோடும் நிற்கக் கூடாது. பில் காலம் எத்தனை நாள் என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கும். போன பில் 33 நாளுக்கு 330 யூனிட், இந்தப் பில் 30 நாளுக்கு 270 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நேரே கணக்கிட்டால் 60 ÷ 330, 18 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகத் தெரியும். நாளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முன்பு நாளுக்கு 10 யூனிட், இப்போது 9. உண்மையான குறைவு 10 விழுக்காடு. மற்ற எட்டும் மூன்று நாள் குறைவாக அளந்ததால் வந்தது. அடுத்த மாதம் நாள் கூடினால் அது திரும்பிப் போய்விடும்.

இந்தப் பத்து விழுக்காடும் நல்ல பலன்தான். ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாதத்தையும், பிள்ளைகள் வீட்டிலேயே இருந்த பள்ளி விடுமுறை மாதத்தையும் எடுத்து ஒப்பிடாதீர்கள். சாதாரண மாதத்தைச் சாதாரண மாதத்தோடு வையுங்கள். தண்ணீர்ப் பில்லுக்கும் இதே முறைதான், அங்கே யூனிட்டுக்குப் பதில் கன மீட்டர்.

சம்பளச் சீட்டு

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உள்ளூர்த் தொழிலாளருக்கு ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிப்பார்கள்: 187 வெள்ளி. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) போன்ற சிறிய பிடித்தங்களும் சேர்ந்து கைக்கு 1,500 வருவதாக வைத்தால், குறைவு 200 ÷ 1,700, ஏறக்குறைய 11.8 விழுக்காடு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதிக்கு 2 விழுக்காடு கட்டாயமாகியிருக்கிறது. 1,700-க்கு அது 34 வெள்ளி. வீட்டுப் பணியாளர்களுக்கு இது பொருந்தாது.

உங்கள் சீட்டில் மொத்தச் சம்பளத்திலிருந்து கைக்கு வந்தது எத்தனை விழுக்காடு குறைவு என்று போட்டுப் பாருங்கள். இருபதைத் தாண்டினால் ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியாக வகுத்து, எது எதற்கு என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். தங்குமிடம், முன்பணம் என்று எதுவும் இருக்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

ஊருக்கு அனுப்பும் பணமும் வரியும்

ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் கிடைத்தது 19 ஆனால் 5 விழுக்காடு குறைவு. 500 வெள்ளி அனுப்பினால் வீட்டுக்கு 500 ரூபாய் குறையும். இது சுலபம். பத்திரிகையில் டாலர் கணக்காக வரும்போதுதான் குழம்பும். 1997-இன் நடுவில் ஒரு டாலர் சுமார் 2.50 வெள்ளியாக இருந்தது. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு 1998 செப்டம்பரில் அரசாங்கம் அதை 3.80 என்று நிலைநிறுத்தியது. டாலர் 52 விழுக்காடு ஏறியது என்பது சரி. அதனால் வெள்ளி 52 விழுக்காடு விழுந்தது என்பது தப்பு. வெள்ளியின் பக்கமிருந்து பாருங்கள். முன்பு ஒரு வெள்ளிக்கு 40 அமெரிக்கக் காசு, பின்பு 26.3 காசு. 13.7 ÷ 40, வெள்ளியின் சரிவு 34 விழுக்காடு. எதன் மதிப்பு குறைந்தது என்று கேட்கிறோமோ, அதன் பழைய மதிப்பால்தான் வகுக்க வேண்டும்.

பொருள் சேவை வரி நீங்கியபோதும் இதே குழப்பம் வந்தது. 2018 ஜூன் 1-ஆம் தேதி 6 விழுக்காடு வரி பூஜ்யமானதும், விலை 6 விழுக்காடு குறைய வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரியோடு 106 வெள்ளி கொடுத்த பொருள் 100 ஆகிறது. 6 ÷ 106 = 5.66 விழுக்காடு. வரி போட்டது 100-இன் மேல், கழிந்தது 106-இலிருந்து.

விழுக்காடே குறையும்போது

சில அளவுகள் பிறக்கும்போதே விழுக்காடாகப் பிறக்கின்றன. மத்திய வங்கி 2025 ஜூலையில் ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை 3.00-லிருந்து 2.75-க்கு இறக்கியது. இதை 0.25 விழுக்காட்டுப் புள்ளி குறைவு என்று சொல்ல வேண்டும். 0.25 ÷ 3.00 போட்டால் 8.3 விழுக்காடு வரும். அந்த எண்ணும் சரிதான், ஆனால் அது விகிதத்தின் குறைவு. வீட்டுக் கடன் தவணை 8.3 விழுக்காடு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தவணையில் அசலும் சேர்ந்திருக்கிறது.

நீரிழிவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்பிஏ1சி பரிசோதனையும் இப்படித்தான். அதன் அளவும் விழுக்காட்டில்தான் வரும். 8 இருந்தது 7 ஆனால் டாக்டர், "ஒன்று குறைஞ்சிருக்கு" என்பார். ஒரு புள்ளி. பழையதால் வகுத்தால் 12.5 விழுக்காடு. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொன்னால் வீட்டில் குழப்பம் வராது.

தலைகீழாகப் போவது

30 விழுக்காடு கழித்து 63 வெள்ளிக்கு வாங்கினேன், முதல் விலை என்ன? 63-க்கு முப்பது விழுக்காடு கண்டுபிடித்துக் கூட்டினால் 81.90 வரும், அது தப்பு. முப்பது போக மிஞ்சிய எழுபதுதான் இந்த 63. ஆகவே 63 ÷ 0.70 = 90. கழிவுக்குப் பின் உள்ள விலையை, மிஞ்சிய பங்கால் வகுக்க வேண்டும்.

கணிப்பானும் ரசீதும்

கைத்தொலைபேசிக் கணிப்பானில் இருக்கும் % பொத்தானை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கணிப்பானிலும் அது ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது. 15 விழுக்காடு கழிவுக்கு 0.85-ஆல் பெருக்குங்கள், 35 விழுக்காட்டுக்கு 0.65. எந்தக் கருவியிலும் இது மாறாது.

கடைசியாக, நம் நாட்டு ரசீதில் வரும் ஒரு விஷயம். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தம் அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. 1, 2 காசில் முடிந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும், 3, 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும், 8, 9 பத்துக்கு ஏறும். 47.90 வெள்ளிப் பொருளுக்கு 15 விழுக்காடு கழித்தால் 40.715. ரசீதில் 40.72 என்று அச்சாகி, கீழே நீங்கள் கட்டுவது 40.70 என்று வரும். திரும்பக் கணக்கிட்டால் 7.20 ÷ 47.90, 15.03 விழுக்காடு. இந்த 0.03 சரிசெய்ததால் வந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 40.80 கேட்டால் கழிவு 14.8-தான் ஆகிறது, அது காசைச் சரிசெய்ததால் வராது. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ரசீதைக் காட்டிக் கேளுங்கள்.